துறை என்றால் இறங்கலாம்

பிப்ரவரி 3, செவ்வாய்

வந்து சேர்ந்தேன். முப்பத்துமூன்று வருஷம் ரயில்வே மெயிலில் சார்ட்டராக இருந்து, கோழி கிறுக்கிய விலாசத்தையெல்லாம் படித்துச் சரியான பையில் போட்டவன், மான்செஸ்டர் விமான நிலையத்தில் தவறான வரிசையில் நாற்பது நிமிஷம் நின்றேன். அது நடக்க முடியாதவர்களுக்கான வரிசை. ஒருவர்கூட என்னை வெளியே போகச் சொல்லவில்லை. என் நடை அப்படி இருந்திருக்கிறது.

சென்னையிலேயே பெட்டி எடை கூடிவிட்டது. என் மனைவி சௌந்தரம் கட்டிக் கொடுத்த அப்பளக் கட்டையும் வற்றலையும் வழியனுப்ப வந்த கார் டிரைவரிடம் கொடுத்துவிட்டேன். இதை அவளிடம் சொல்லக்கூடாது. முப்பத்தொரு வருஷமாக அவளிடம் சொல்லாமல் விட்டவற்றின் பட்டியல் நீளமானது. அதில் அப்பளமும் சேர்ந்தது.

அழைத்துப்போக பிரிஸ்கா வந்திருந்தாள். என் மகளோடு ஒரே வீட்டில் இருந்த பெண், நாகர்கோவில் பக்கம். என்னைப் பார்த்ததும் அழுவாள் என்று பயந்தேன். நல்லவேளை, திட்டினாள்.

“அங்கிள், ஒரு ஸ்வெட்டரோட வந்திருக்கியளே! இங்க குளுரு எலும்புக்குள்ள எறங்கும் பாத்துக்கிடுங்க.”

“உள்ள இன்னும் ரெண்டு இருக்கும்மா. அதனாலதான் நான் குண்டா தெரியறேன்.”

எதற்கு வந்தேன் என்பதை ஒழுங்காக எழுதிவிடுகிறேன். கூட்டுறவு வங்கி இலவசமாகக் கொடுத்த டைரி. பதினைந்து வருஷமாக வாங்கி வைத்தும் ஒரு வருஷம்கூட ஜனவரி தாண்டியதில்லை. இது பிப்ரவரியில் தொடங்குவதால் தப்பிக்கலாம்.

என் ஒரே மகள் மங்கையர்க்கரசி. வீட்டில் அரசி. இந்த ஸ்டேன்வாத் என்ற ஊரில், முதியோர் இல்லம் ஒன்றில் நர்ஸாக இருந்தாள். போன அக்டோபர் 29-ஆம் தேதி இந்த ஊர் ஆற்றில் போய்விட்டாள். நவம்பரில் பெட்டியில் ஊருக்கு வந்தாள். காரியமெல்லாம் முடிந்தது. இப்போது 25-ஆம் தேதி இங்கே விசாரணை. கொரோனர் என்று ஒரு நீதிபதி உட்கார்ந்து, விபத்தா அல்லது வேறா என்று பதிவு செய்வாராம். அந்த ‘வேறு’க்கு ஒரு சொல் இருக்கிறது. அதை இந்த டைரியில் எழுதப்போவதில்லை.

விருத்தாசலத்தில் சௌந்தரம் சொல்லி அனுப்பியது ஒன்றுதான். “என்னா நடந்துச்சின்னு தெரிஞ்சிக்கினு வாங்க. அது தெரியாம என்னால சோறு திங்க முடியல.”


பிப்ரவரி 4, புதன்

அரசியின் சாமான்களைப் பிரிஸ்கா மூன்று அட்டைப்பெட்டியில் கட்டி வைத்திருக்கிறாள். அந்த அறையிலேயே எனக்கும் படுக்கை. இரண்டு ஜன்னல். ஒன்று திறக்காது, ஒன்று மூடாது.

முதல் பெட்டியில் துணி. மூடிவிட்டேன். இரண்டாவதில் ஒரு நோட்டுப் புத்தகம். பழுப்புத் தாளில் அட்டை போட்டு, மூலையை நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே மடித்து, லேபிள்கூட ஒட்டியிருக்கிறாள். பெயர்: ப. மங்கையர்க்கரசி. வகுப்பு: அப்பா வகுப்பு.

இதை விளக்க வேண்டும். இவளுக்கு ஏழு வயசாக இருந்தபோது நான் பதவி உயர்வுப் பரீட்சைக்கு ஊர்ப் பேர்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். எந்த ஊர், எந்தத் தபாலாபீஸ், எந்த ரயில். பக்கத்தில் உட்கார்ந்து இவள் கேட்டுக்கொண்டே இருப்பாள். போரடிக்கக் கூடாதே என்று நான் கேள்வி கேட்பேன்.

“பாக்கம்னா?”

“கடலோரத்து ஊருப்பா.”

“பட்டின்னா?”

“ஆடு மாடு கட்டுற எடம்.”

“துறைன்னா?”

“எறங்கலாம்ப்பா!”

அந்த ‘எறங்கலாம்’ சொல்லும்போது நாற்காலியிலிருந்து குதிப்பாள். ஊர்ப் பேர் பொய் சொல்லாது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். பரீட்சையில் நான் தோற்றேன். அவள் எழுதியிருந்தால் பாஸ் ஆகியிருப்பாள். எஸ்.எஸ்.எல்.சி.யையே இரண்டாம் தடவையில் முடித்தவன் நான்.

நோட்டு முழுக்க இங்கிலாந்து ஊர்ப் பேர்கள், எனக்காக எழுதியவை.

“ஆக்ஸ்ஃபோர்டு: மாடு கடக்கிற துறை. பெரிய படிப்பு படிக்கிற ஊருக்கு மாட்டுத்துறைன்னு பேருப்பா!”

“பர்மிங்ஹாம்: பியோர்மாங்கிறவனோட ஆளுங்க குடியிருந்த எடம். நம்ம ‘குடி’ மாதிரி.”

“லிவர்பூல்: சேத்துக் குட்டை.”

“கிரிம்ஸ்பி: கிரிம்னு ஒருத்தன் ஊர். பி-ன்னு முடிஞ்சா கப்பல்ல வந்த வடக்கத்தி ஆளுங்க வெச்ச பேராம்.”

நாற்பத்தொரு ஊர் எழுதியிருக்கிறாள். எண்ணிப் பார்ப்பது தொழில் வியாதி. நாற்பத்திரண்டாவதாக ‘ஸ்டேன்வாத்:’ என்று எழுதி, எதிரே காலியாக விட்டிருக்கிறாள்.

போலீஸ் இதை ஏற்கெனவே பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டதாம். தமிழ் எழுத்து அவர்களுக்கு எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்திருக்கும்.

பின்னட்டை கொஞ்சம் தடிமனாக இருக்கிறது. பள்ளிக்கூட நாளில் மார்க் குறைந்தால் ரேங்க் கார்டை அட்டைக்குள் செருகி வைப்பாள். அம்மாவுக்குத் தெரியாமல் நான் எடுத்துக் கையெழுத்துப் போட்டு, அங்கேயே திருப்பிச் செருகிவிடுவேன். எங்கள் இரண்டு பேருக்கும் மட்டுமே தெரிந்த தபால்பெட்டி அது. போலீஸுக்கு அட்டையைப் பிரிக்கத் தோன்றியிருக்காது.

நானும் பிரிக்கவில்லை. ஏழு மணிக்கே தூக்கம் வந்துவிட்டது.


பிப்ரவரி 5, வியாழன்

சௌந்தரம் போனில் கேட்டாள்.

“என்னாங்க, எதனா தெரிஞ்சிதா?”

“வந்து ரெண்டு நாளுதான் ஆவுது. குளிக்கவே பயமா இருக்கு, அதுக்குள்ள என்னா தெரியும்?”

“அவளுக்குத் தண்ணின்னா பயம்ங்க. மணிமுத்தாத்துல கணுக்கால் நனையறதுக்கே என் கழுத்தக் கட்டிக்குவா. அவ எதுக்கு ஆத்துல எறங்கினா?”

“சின்ன வயசுல அப்புடி. இங்க வந்து எவ்ளோ மாறியிருப்பா.”

“மாறிட்டாளா?”

“பின்ன! இட்லிக்குச் சக்கர தொட்டுத் திம்பாளாம், பிரிஸ்கா சொல்லுது.”

நான் சொன்னது பொய். சௌந்தரமும் சிரிக்கவில்லை.


பிப்ரவரி 6, வெள்ளி

காலையில் ஒரு கலாட்டா. பிரிஸ்கா குளிக்கப் போயிருந்த நேரம் சமையலறையில் புகைமணி அலற ஆரம்பித்துவிட்டது. இந்த ஊரில் வீட்டுக்கு வீடு கூரையில் ஒரு பொத்தான் மாதிரி ஒட்டிவைத்திருக்கிறார்கள். கொஞ்சம் புகை கண்டால் தாய் இறந்த மாதிரி கத்துகிறது. நான் நாற்காலி மேல் ஏறி அதற்குத் துண்டால் விசிறிக்கொண்டிருந்தேன்.

ஈரத்தலையோடு பிரிஸ்கா ஓடி வந்தாள். “அங்கிள்! என்னத்தக் கருக்கிப் போட்டிய?”

“அப்பளம் சுட்டேம்மா. பத்திக்கிச்சு.”

“அடுப்புல நேரா காட்டினீங்களா? ஊருல இருந்து கொண்டாந்தத என்கிட்ட தந்திருந்தா நான் பொரிச்சுத் தந்திருப்பேனே. கைய காட்டுங்க. சுட்டிருக்கு பாருங்க, ரெண்டு விரலு.”

“சின்னதுதான்.”

விரலைக் குழாய்த் தண்ணீரில் பத்து நிமிஷம் வைத்திருக்கச் சொன்னாள். வைத்திருந்தேன். சாம்பலும் அந்தத் தண்ணீரோடேயே போய்விட்டது.


பிப்ரவரி 7, சனி

இன்று ஒன்றும் எழுதவில்லை.


பிப்ரவரி 9, திங்கள்

கடைத்தெருவுக்குப் போய்ப் பழுப்புத் தாள் வாங்கினேன். நோட்டின் அட்டை கிழிந்திருந்தது, அதனால் மாற்றினேன். பழைய லேபிளைத் தண்ணீர் தொட்டுப் பதமாக உரித்துப் புதிய அட்டையில் ஒட்டினேன். கடிதத்திலிருந்து ஸ்டாம்பு உரித்த கை, மறக்கவில்லை.

வாசலில் தபால்காரரைப் பிடித்தேன். கெவின் என்று பெயர், ஐம்பது வயசிருக்கும், இந்தக் குளிரிலும் அரைக்கால் சட்டை. நானும் தபால் இலாகா என்றதும் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் பேசியதில் கால்வாசி புரிந்தது. முக்கால்வாசியை நானே நிரப்பிக்கொண்டேன்.

“ஸ்டேன்வாத் என்றால் என்ன அர்த்தம்?” என்று கேட்டேன்.

“நான் கடிதம் கொண்டுவருகிறவன், அர்த்தம் கொண்டுவருவதில்லை” என்றார். பிறகு நான் எந்த வீடு என்று பார்த்தார். முகம் மாறிவிட்டது. “நீங்கள் அந்தப் பெண்ணின் அப்பாவா?”

ஆமாம் என்றேன்.

தினமும் கதவைத் திறந்து குட் மார்னிங் சொல்லி வாங்கிக்கொள்ளும் ஒரே பெண் அவள்தான் என்றார். செப்டம்பரில் அவளுக்கு ஒரு பழுப்புக் கவர் கொடுத்தாராம், அரசாங்க முத்திரை போட்டது. அதற்கப்புறம் அவள் கதவைத் திறப்பதில்லை, கதவுத் துவாரத்தில் போட்டுவிட்டுப் போவேன் என்றார்.

அந்தக் கவரைப் பற்றி நான் மேற்கொண்டு கேட்கவில்லை. ஊர்ப் பேரைப் பற்றி மறுபடி கேட்டேன். நூலகத்தில் புத்தகம் இருக்கும் என்றார்.


பிப்ரவரி 11, புதன்

கொரோனர் அலுவலகத்திலிருந்து மிசஸ் வாரன் வந்தார். நல்ல அம்மா. காலணியை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார், யாரும் சொல்லாமலே. போனை மேஜை மேல் வைத்து ஒலியைக் கூட்டினார். அதற்குள்ளிருந்து தமிழ் பேசியது ஒரு பெண், யாழ்ப்பாணத் தமிழ்.

“ஐயா, என்ர பேர் தர்ஷினி. நான் மொழிபெயர்ப்பாளர். நீங்கள் கதைக்கிறதை அப்படியே சொல்லுவன், ஒண்டும் கூட்டவோ குறைக்கவோ மாட்டன். விளங்குதோ?”

“வெளங்குதும்மா. நான் பேசறது ஒனக்கு வெளங்குதா?”

“ஓரளவுக்கு” என்றாள். நேர்மையான பெண்.

மிசஸ் வாரன் மூன்று விஷயம் சொன்னார். ஒன்று: அரசி வேலை பார்த்த முதியோர் இல்லம் செப்டம்பரில் மூடப்பட்டது. அறுபது நாளுக்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் நாட்டை விட்டுப் போக வேண்டும் என்று அவளுக்குக் கடிதம் வந்திருந்தது. இரண்டு: ஆற்றங்கரையில் அவளுடைய செருப்பு ஜோடியாக, ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது. கோட்டு மடித்து, போன் அதன் பையில். மூன்று: இறங்கும் இடத்தில் ‘ஆபத்து’ என்று பலகை இருக்கிறது.

“செருப்பு அப்பிடி ஒழுங்கா இருந்தது அவையளுக்கு ஒரு மாதிரி இருக்காம், ஐயா. தவறி விழுந்த ஆள் செருப்பைக் கழற்றி வைக்க மாட்டினம் எண்டு.”

நான் மிசஸ் வாரனின் காலைப் பார்த்தேன். வெறும் காலுறையோடு இருந்தது.

“அம்மா, எங்க ஊர்ல ஆத்துல எறங்கறதுன்னா செருப்ப கரையில வெச்சிட்டுத்தான் எறங்குவோம். செருப்போட எறங்குனா தண்ணிக்கு மரியாதை இல்ல. போனு நனையக்கூடாதுன்னு கோட்டுல வெச்சிருப்பா. கடந்துடலாம்னு நெனச்ச ஆளு செய்யற வேலை இதெல்லாம்.”

தர்ஷினி அதைச் சொன்னாள். மிசஸ் வாரன் எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். இதை யாரும் தன்னிடம் சொல்லவில்லை என்றார்.

அப்போதுதான் நோட்டை எடுத்துக் காட்டினேன். அப்பா வகுப்பைப் பற்றிச் சொன்னேன். துறை என்றால் இறங்கலாம் என்று சொல்லிக்கொடுத்ததையும், கடைசி ஊரின் எதிரே காலியாக இருப்பதையும் காட்டினேன். “அர்த்தம் கண்டுபிடிக்கத்தான் போயிருப்பா.”

மிசஸ் வாரன் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஐயா, இந்த உறை புதுசு போல கிடக்காம். மாத்தினீங்களோ எண்டு கேக்கிறா.”

“பழசு கிழிஞ்சிபோச்சு.”

“பழசு எங்க எண்டு...”

“குப்பையில போட்டுட்டேம்மா. தப்புன்னு தெரியாது.”

தர்ஷினி அதையும் சொன்னாள், கூட்டாமல் குறைக்காமல்.


பிப்ரவரி 13, வெள்ளி

நூலகம். புத்தகத்தில் இந்த ஊரைப் பற்றிய பத்தி ஒன்பது வரி. போனில் அகராதி பார்த்துப் பார்த்துப் படித்து முடிக்க மூன்றரை மணி நேரம். எதிரே உட்கார்ந்திருந்த பள்ளிக்கூடப் பெண் அதற்குள் ஒரு நாவலையே முடித்துவிட்டுப் போய்விட்டாள்.

ஸ்டேன் என்றால் கல். வாத் என்பது கப்பலில் வந்த வடக்கத்தி ஆட்களின் சொல். ஆழமில்லாத இடம், நடந்தே கடக்கலாம்.

கல்துறை.

நூலகத்துக்கு வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு நல்ல செய்திதான் இது. விசாரணையில் வலுவாக நிற்கும். ஊரின் பேரே ‘இறங்கு’ என்கிறது. இறங்கிவிட்டாள். அப்படியானால் அவளைக் கொன்றது யார்? பேரை நம்பச் சொல்லிக்கொடுத்தவன். நான்.

அதைத் தாங்கிக்கொள்ளலாம். தோளில் பை தூக்கிப் பழக்கம்.


பிப்ரவரி 15, ஞாயிறு

கெவின் விடுமுறை நாளில் தன் காரில் ஆற்றங்கரைக்கு அழைத்துப் போனார். அவருடைய தாத்தா இதே ஆற்றில் மீன் பிடித்தவராம்.

ஆறு பழுப்பாக, அகலமாக, அவசரமே இல்லாத மாதிரி இருக்கிறது. கெவின் ஒரு குச்சியை வீசினார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே காணோம்.

“துறை இருந்தது உண்மை” என்றார். “கல் பரப்பி, வண்டியே போகுமாம். ஆனால் இருநூறு வருஷத்துக்கு முன்னால் பெருவெள்ளம் வந்து ஆறு இடம் மாறிவிட்டது. பழைய துறை அதோ, அந்த மாட்டு மேய்ச்சலில், புல்லுக்கு அடியில் கிடக்கிறது. இங்கே ஆழம். கடல் ஏறும்போது பின்னாலிருந்தும் தண்ணீர் வரும்.”

ஆறு போய்விட்டது, பேர் மட்டும் அங்கேயே நிற்கிறது. குடித்தனக்காரர் வீடு மாறிப்போன பிறகும் அதே விலாசத்துக்கு வந்துகொண்டிருக்கும் கடிதம் போல. அந்த மாதிரிக் கடிதத்தின் மேல் ‘விலாசதாரர் இல்லை’ என்று எழுதி எத்தனை ஆயிரம் திருப்பி அனுப்பியிருப்பேன்!

பலகையையும் பார்த்தேன். சிவப்பில், என் மார்பு உயரத்துக்கு. ஆழமான நீர், கடக்காதே, போன வருஷங்களில் இத்தனை பேர் என்று எழுதியிருக்கிறது. என் அரைகுறை இங்கிலீஷுக்கே ஒரே பார்வையில் புரிந்தது. அவள் நர்ஸிங்கில் தங்கப் பதக்கம்.

சாயங்கால வெயில் எதிரே அடித்தால் எழுத்து தெரியாது என்று குறித்துக்கொண்டேன்.

இன்று வெயிலே இல்லை. கெவினைக் கேட்டேன், அக்டோபர் கடைசியில் எப்படி என்று. “இப்படித்தான்” என்றார்.


பிப்ரவரி 16, திங்கள்

விரலில் தோல் உரிகிறது.


பிப்ரவரி 18, புதன்

பிரிஸ்கா வேலை முடிந்து வந்து, சாப்பிடாமல் எதிரே உட்கார்ந்தாள்.

“அங்கிள், ஒரு காரியம் சொல்லணும். அக்டோபர் முச்சூடும் அவ நாப்பது எடத்துக்கு வேலைக்கு எழுதிப் போட்டா. ஒண்ணும் அமையல. ராத்திரியும் பகலும் தூக்கமில்ல, கேட்டியளா. ஊருக்குப் போயிரேன்டீன்னு நான் சொன்னேன். அப்பாகிட்ட கேக்கேன்னு சொன்னா. அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை போன் பேசிட்டு வெளிய வந்தா. என்னடீ சொன்னாங்கன்னு கேட்டேன். சிரிச்சா. வேற ஒண்ணும் சொல்லல.”

“ம்.”

“விசாரணையில அவங்க என்கிட்ட கேட்டா இத நான் சொல்லணுமா அங்கிள்?”

“கேட்டா மறைக்காதம்மா. நீ பொய் சொல்லி மாட்டிக்கக்கூடாது.”

“கேக்கலன்னா?”

“கேக்கலன்னா சாப்புடு. சோறு ஆறுது.”

அவள் சாப்பிட்டாள், அழுதுகொண்டே. நான் ரசம் ஊற்றினேன். உப்பு போட மறந்திருந்தேன். அவள் கண்டுபிடிக்கவில்லை.


பிப்ரவரி 21, சனி

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்டோபர் 26. எழுதாமல் விட்டால் போகாது போலிருக்கிறது.

நெல் அறுத்து வந்த சமயம். கூடத்தில் இடமில்லாமல் அரசியின் அறையில் பதினெட்டு மூட்டை அடுக்கியிருந்தோம். சௌந்தரம் பக்கத்தில் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

“அப்பா, நான் வந்துடட்டுமா?”

என்னம்மா கஷ்டம் என்று கேட்டிருக்க வேண்டும். ஒரு சொல் போதும். எனக்குப் பிறந்ததிலிருந்து ஒரு வியாதி. யாராவது தழுதழுத்தால் எனக்குப் பயம் வந்துவிடும், உடனே எதையாவது கோமாளித்தனமாகச் சொல்லிச் சிரிக்கவைத்துவிடுவேன். ஆபீஸில் இதற்காகவே என்னை எல்லாருக்கும் பிடிக்கும்.

“வந்தா எங்க படுப்ப? ஒன் ரூம்ல நெல்லு மூட்ட படுத்திருக்கு. அதுங்க எழுந்திரிக்காதே!”

சிரித்தாள். நானும் சிரித்தேன். சௌந்தரம் மட்டும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“சரிப்பா” என்றாள் அரசி. “சாப்ட்டீங்களா?”


பிப்ரவரி 25, புதன்

விசாரணை. நீதிமன்றம் மாதிரி இல்லை, ஊராட்சி ஒன்றிய அலுவலகம் மாதிரி இருந்தது. கொரோனர் வெள்ளை முடி அம்மா. தர்ஷினி நேரிலேயே வந்திருந்தாள். குரலை வைத்து நடுத்தர வயசு என்று நினைத்திருந்தேன். அரசி வயசுதான். அவள் பக்கம் திரும்பாமலே பேசினேன்.

பிரிஸ்காவிடம், அரசிக்கு வேலை போனதைப் பற்றிக் கேட்டார்கள். அறுபது நாள் கடிதத்தைப் பற்றிக் கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைப் போனைப் பற்றிக் கேட்கவில்லை.

என்னைக் கேட்டார்கள். செருப்பைப் பற்றிச் சொன்னேன். நோட்டைப் பற்றிச் சொன்னேன். பாக்கம், பட்டி, துறை. கொரோனர் நூலகப் புத்தகத்தின் பக்கத்தை வரவழைத்து வைத்திருந்தார். பலகையைப் பற்றிக் கேட்டார். வெயில் எதிரே அடித்திருக்கலாம் என்றேன். அன்று மேகமூட்டம் என்று பதிவு இருக்கிறது என்றார், மென்மையாகத்தான். “பேரை அவ்ளோ நம்புவாம்மா. போர்டு நேத்து வெச்சது, பேரு ஆயிரம் வருஷத்துது” என்றேன்.

“ஐயா, கடைசியாக் கதைச்சபோது மகள் எப்பிடி இருந்தவ எண்டு கேக்கிறா.”

“சிரிச்சா.”

“சந்தோஷமா இருந்தவவோ?”

“சிரிச்சாம்மா. அதச் சொல்லு.”

சொன்னாள்.

“ஏதாவது கடிதம், குறிப்பு, உங்களுக்கு எழுதி விட்டுட்டுப் போனவவோ?”

முப்பத்துமூன்று வருஷத்தில் ஒரு தபாலைத் தொலைத்ததில்லை, ஒரு தபாலைப் பிரித்ததில்லை, ஒரு தபாலை அழித்ததில்லை என்று ஓய்வு பெற்ற நாளில் சால்வை போட்டுப் பாராட்டினார்கள்.

“இந்த நோட்டுதாம்மா” என்றேன்.

அரை மணி நேரம் கழித்துக் கொரோனர் வாசித்தார். மன வருத்தத்தில் இருந்திருக்கலாம். ஆனால் உயிரை விடும் எண்ணத்தோடு இறங்கினாள் என்று சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை. பழைய துறையின் பெயரை நம்பி, ஆற்றைக் கடக்கவோ பார்க்கவோ இறங்கியிருக்கிறாள். விபத்து. பிறகு என்னைப் பார்த்து ஏதோ சொன்னார்.

“நீங்கள் சொல்லிக்குடுத்த விளையாட்டில பிழை இல்லையாம், ஐயா. உங்களை நீங்கள் குற்றம் சொல்ல வேண்டாமாம்.”

கும்பிட்டேன்.

வெளியே வரும்போது தர்ஷினி பின்னால் வந்தாள். “நான் பருத்தித்துறை ஆள், ஐயா. எங்களுக்கும் துறை எண்டா இறங்கிற இடம்தான். அந்தச் சொல்லை நான் சரியாத்தான் சொன்னனான்.” அவளுக்கு வேறு ஏதோ கேட்க இருந்தது. கேட்கவில்லை.


பிப்ரவரி 26, வியாழன்

நாளை விமானம். இந்த டைரியை ஊருக்குக் கொண்டுபோகப் போவதில்லை. அதனால் ஒரு திருத்தம்.

6-ஆம் தேதி அப்பளம் சுட்டேன் என்று எழுதியிருக்கிறேன். இந்த வீட்டில் அப்பளமே கிடையாது. 3-ஆம் தேதிப் பக்கத்தைப் பார்த்தாலே தெரியும்.

நோட்டின் பின்னட்டைக்குள் இருந்த கடித உறையின் மேல் முழு விலாசம், பின்கோடோடு, என் பெயரில். ஸ்டாம்பு மட்டும் இல்லை. உள்ளே ஒன்றரைப் பக்கம். முழுவதும் எனக்கு மனப்பாடம். எழுதமாட்டேன். கடைசி மட்டும்:

“ஸ்டேன்வாத்துக்கு அர்த்தம் தெரிஞ்சிடுச்சுப்பா, கல்துறை. நோட்டுல எழுதல, அது உங்களுக்கு வீட்டுப்பாடம். அம்மாகிட்ட கால் தவறிடுச்சுன்னு சொல்லுங்க. நீங்க சொன்னா அம்மா நம்பும். மூட்டை ஜோக்குக்கு நெஜமாவே சிரிச்சேன்ப்பா.”

வீட்டுப்பாடத்தை முடித்தேன். நாற்பத்திரண்டாவது வரியில், காலியாக இருந்த இடத்தில், என் கையெழுத்தில் எழுதினேன்: கல்துறை. துறை இப்போது இல்லை.

பிறகு சௌந்தரத்துக்குப் போன் போட்டேன். தீர்ப்பைச் சொன்னேன். கல்லைச் சொன்னேன், வெள்ளத்தில் இடம் மாறிய ஆற்றைச் சொன்னேன், செருப்பைச் சொன்னேன்.

“கால்தான் தவறிடுச்சாங்க?”

“ஆமா. கால் தவறிடுச்சு.”

போனில் அவளுக்குப் பின்னால் காக்காய்ச் சத்தம் கேட்டது.

“நீங்க சொன்னா சரி” என்றாள். பிறகு, “அவ ரூம்ல கெடந்த நெல்லு மூட்டய எல்லாம் ஆள உட்டு வெளிய எடுத்துப் போட்டுட்டேன். கூட்டி, கழுவி, பாய் விரிச்சிருக்கேன்” என்றாள்.

எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை.